டிராஃபிக் ஃபைனும் தவறிய வாய்தாவும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். டிராஃபிக் கேஸ் என்று வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ஹெல்மெட் ஃபைனுக்கு ஜெயில் என்று நினைத்து இரவெல்லாம் தூங்காமல் வருகிறவர்கள் ஒரு ரகம். வீட்டில் வாரண்ட் வந்து நின்ற பிறகும் “ஆறு மாசம் ஆச்சுங்க, அது செத்த கேஸ்” என்று சிரிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேருக்கும் சேர்த்து, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பொதுவான விளக்கம்தான் இது. உங்கள் கேஸுக்கு உங்கள் காகிதத்தை ஒரு வக்கீல் பார்த்தே ஆக வேண்டும்.

ஃபைன் கட்டாம விட்டா ஆறு மாசத்துல தானா செத்துப்போயிடும்னு சொல்றாங்களே, நெசமாங்க?

பாதி நிஜம். வெறும் அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு, குற்றம் நடந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு கோர்ட்டுக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் எடுக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468-வது பிரிவாக இருந்தது; 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514-வது பிரிவு. எண் மாறியது, கெடு மாறவில்லை.

ஆனால் அந்தக் கெடு போலீஸுக்கு வைத்தது. “இத்தனை நாளுக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுவா” என்று அவர்களுக்குச் சொல்வது. ஆறு மாதத்துக்குள் அவர்கள் வழக்கைப் போட்டுவிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் பத்து வருடம் போகாமல் இருந்தாலும் உங்களுக்குச் சாதகமாக எந்தக் கெடுவும் ஓடாது. கீழே உள்ள பல கேள்விகளுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு மாசம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானா?

இல்லை. எவ்வளவு ஃபைன் கட்டச் சொன்னார்கள் என்பதை வைத்துக் கெடு வருவதில்லை. அந்தப் பிரிவில் அதிகபட்சமாக எவ்வளவு தண்டனை தரலாம் என்பதை வைத்துத்தான். அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம். ஒரு வருடம் வரை சிறை தரலாம் என்றால் ஒரு வருடம். ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை என்றால் மூன்று வருடம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு எண்களோடு சொல்கிறேன். ஹெல்மெட் (194டி), சீட் பெல்ட் (194பி), பைக்கில் மூன்று பேர் (194சி) எல்லாம் ஆயிரம் ரூபாய் அபராதக் குற்றங்கள், எனவே ஆறு மாதம். வேகமாகப் போனதற்கான 183-ம் அப்படித்தான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் (181) மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம், அல்லது இரண்டும் தரலாம். அங்கே கெடு ஒரு வருடம். இன்சூரன்ஸ் இல்லாதது (196) அதே போல. குடித்துவிட்டு ஓட்டியது (185) முதல் முறை என்றால் ஒரு வருடம்; இரண்டாவது முறைக்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு என்பதால் மூன்று வருடம். பதினெட்டு வயது ஆகாத பையனிடம் வண்டியைக் கொடுத்த அப்பா மீது 199ஏ போட்டால், அதுவும் மூன்று வருடக் கணக்கு.

சிக்னல் கேஸில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐந்து ரோட்டில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்குப் பொதுப் பிரிவான 177 போட்டிருந்தால் ஆறு மாதம். அதே செயலுக்கு 184, அதாவது ஆபத்தாக ஓட்டியது என்று போட்டிருந்தால் ஒரு வருடம். ரசீதில் தொகையைப் பார்க்கிற கண், பிரிவு எண்ணையும் பார்க்க வேண்டும்.

ஹெல்மெட்டும் இல்லை, லைசென்சும் இல்லை. ஏற்காடு அடிவாரத்துல ரெண்டையும் சேத்துப் போட்டுட்டாங்க. எந்தக் கணக்கு?

சேர்த்து விசாரிக்கக்கூடிய குற்றங்கள் என்றால், எதற்கு அதிகத் தண்டனையோ அதன் கெடுதான் எல்லாவற்றுக்கும். ஆக, உங்கள் ஹெல்மெட்டுக்கும் லைசென்ஸோடு சேர்ந்து ஒரு வருடம். சனி ஞாயிறில் மலைக்குப் போகிற பையன்கள் பாதிப் பேருக்கு இந்த ஜோடிதான்.

எந்தத் தேதியிலிருந்து எண்ணுறது? மெசேஜ் வந்த தேதியா, புடிச்ச தேதியா?

குற்றம் நடந்த தேதி. அந்த முதல் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓட்டியவர் யார் என்று அன்றைக்குத் தெரியாவிட்டால், தெரிய வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கேஸ்களில் இது முக்கியம். நீங்கள் வெளிநாட்டில் இருந்த காலத்தையும், தலைமறைவாக இருந்த காலத்தையும் கழித்துவிடுவார்கள்.

கணக்கு நிற்கும் தேதி, வழக்கு கோர்ட்டில் தாக்கலான தேதி. மாஜிஸ்திரேட் அதைக் கையில் எடுத்த தேதி அல்ல. 2013-ல் சாரா மேத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. போலீஸ் ஐந்தாவது மாதம் தாக்கல் செய்து, கோர்ட் எட்டாவது மாதம் சம்மன் அனுப்பினால், “எட்டு மாசம் ஆச்சு” என்று வாதம் செய்ய இடமில்லை.

என் கேஸ் போலீஸ்கிட்டயே இருக்கா, கோர்ட்டுக்குப் போயிடுச்சான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

முதலில் பரிவாகன் என்கிற அரசு இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கட்டும் பொத்தான் இருந்தால் இன்னும் போலீஸ் மட்டத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கோர்ட்டுக்கு அனுப்பியதாகக் காட்டினால் அங்கே கட்ட முடியாது. இ-கோர்ட்ஸ் செயலியில் சேலம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். டிராஃபிக் கேஸ்கள் பெரும்பாலும் எஸ்.டி.சி., அதாவது சுருக்கமாக விசாரித்து முடிக்கிற வழக்குகள் என்ற எண் வரிசையில் வரும். பெயரைத் தமிழில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் தட்டியிருப்பார்கள், அப்பா பெயர் முதலெழுத்து இடம் மாறியிருக்கும். இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்.

வழக்கு நடப்பது குற்றம் நடந்த இடத்துக்கான கோர்ட்டில். ஏற்காட்டில் பிடிபட்ட சென்னைக்காரர் சேலம் மாவட்டத்துக்குத்தான் வர வேண்டும். எந்தக் கோர்ட் என்பது சம்மனில் இருக்கும்.

அப்புறம் ஒன்று. போலீஸ் கருவியிலிருந்து கிழித்துத் தருகிற அந்த வழுவழுப்பான சீட்டை டேங்க் கவரில் சொருகி வைக்காதீர்கள். வெயிலில் மங்கி, சில மாதங்களில் எழுத்தே இருக்காது. வெற்றுச் சீட்டை நீட்டி “இதுதாங்க கேஸ்” என்று சொன்னால் நாங்களும் என்ன செய்வது? வாங்கிய நிமிடமே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஆறு மாசம் தாண்டிடுச்சு, கோர்ட்லயும் கேஸ் இல்லை. அப்ப தளத்துல இருந்து தானா அழிஞ்சிடணுமே?

அழியாது. கெடு தாண்டினால் கோர்ட்டில் வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. தளத்தில் நிலுவை என்று அது பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கும். பெயர் மாற்றம், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும்போது அது எட்டிப் பார்க்கும். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், எஃப்.சி. தேதி நெருங்கும்போதுதான் பழைய சலான்கள் எல்லாம் வெளியே வரும்.

ஆயிரம் ரூபாய் சமாசாரம் என்றால் கட்டிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. சட்டப்படி நீங்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க ஆகும் செலவு ஆயிரத்தைத் தாண்டிவிடும். தொகை பெரியது, பல சலான்கள் என்றால் வக்கீலைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

கெடு தாண்டித்தான் கேஸ் போட்டிருக்காங்க. கோர்ட்டே தள்ளிடுமா, நான் சொல்லணுமா?

நீங்கள் சொல்ல வேண்டும், அதுவும் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்னால். ஒரே காலையில் ஐம்பது அறுபது எஸ்.டி.சி. கூப்பிடுகிற கோர்ட்டில் ஒவ்வொரு தேதியையும் உங்களுக்காக யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஓடிப்போய் “ஆமாங்க ஐயா” என்று தலையாட்டி, ஃபைனையும் கட்டிவிட்டு, மத்தியானம் எங்கள் ஆபீஸில் வந்து “கெடு தாண்டின கேஸாமே” என்று கேட்டால் பதில் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தாலோ, நீதியின் நலனுக்குத் தேவை என்று தோன்றினாலோ, கெடு தாண்டியதையும் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 519). ஹெல்மெட் கேஸுக்கு அவ்வளவு தூரம் போவார்களா என்பது வேறு விஷயம். ஒருவருக்கு அடிபட்ட கேஸ் என்றால் போவார்கள்.

என்னை நிறுத்தவே இல்லீங்க. ஒரு மாசம் கழிச்சு மெசேஜ் வருது. பதினாலு நாள்ல நோட்டீஸ் வரலைன்னா செல்லாதுன்னு யூடியூப்ல சொன்னாங்களே?

யூடியூபில் சொன்னது மோட்டார் வாகனச் சட்டத்தின் 209-வது பிரிவு. அது எல்லாக் குற்றத்துக்கும் இல்லை. வேகம் (183), ஆபத்தாக ஓட்டுதல் (184) இரண்டுக்கு மட்டும். அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் ஓட்டியவருக்கோ ஆர்.சி.யில் உள்ள உரிமையாளருக்கோ நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மன் கொடுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுகூட நடக்காவிட்டால் தண்டிக்க முடியாது. கேமரா மாதிரி மின்னணுக் கருவியில் பதிவான குற்றத்துக்கு 2021-ல் வந்த விதி 167ஏ, நோட்டீஸ் அனுப்ப 15 நாள் என்கிறது.

ஆனால் 209-லேயே ஒரு கதவும் இருக்கிறது. முகவரி தெரியாமல் போனதாலோ, நீங்கள் செய்த காரியத்தாலோ நோட்டீஸ் சேரவில்லை என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அம்மாபேட்டை வீட்டைக் காலி செய்து கன்னங்குறிச்சிக்குப் போய் நாலு வருடம் ஆகியும் ஆர்.சி.யில் பழைய முகவரியும், எப்போதோ தூக்கிப்போட்ட சிம் எண்ணும் இருந்தால், “எனக்கு வரவே இல்லை” என்று சொல்வது எடுபடாது.

வண்டியை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஃபைன் இன்னும் எனக்கே வருது.

ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை என்றால் வரத்தான் செய்யும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் வேறு மாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அது விபத்து நஷ்டஈட்டு வழக்கு. ஃபைனைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்து உங்களுக்கு அங்கேதான் இருக்கிறது.

விற்பனைக் கடிதம், டெலிவரி நோட், வாங்கியவரின் ஆதார் நகல் இருந்தால் “ஓட்டியது நானில்லை” என்று எழுதிக் கொடுக்கலாம். ஓட்டியவர் விவரம் கேட்டால் சொல்ல வேண்டியது உரிமையாளர் கடமை, அது மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவு. இருபத்தைந்தாயிரத்துக்கு வண்டியைத் தள்ளிவிட்டு, கையெழுத்து போட்ட வெற்று ஃபார்மைப் புரோக்கரிடம் கொடுத்து வருகிற பழக்கத்தை எப்போது விடுவோமோ.

வாய்தாவுக்குப் போக மறந்துட்டேன். இப்ப என்ன ஆகும்?

ஒரு வாய்தா தவறினால் வானம் இடிந்து விழாது. அன்றைக்கு மாலைக்குள் தெரிந்தால், வக்கீல் மூலம் அடுத்த நாளே கோர்ட்டில் சொல்லி அடுத்த தேதியை வாங்கிவிட முடிகிறது. விட்டுவிட்டால் படிப்படியாக ஏறும். சம்மன் கொடுத்தும் வரவில்லை என்று முதலில் பிணையில் விடத்தக்க வாரண்ட். போலீஸ் வீட்டுக்கு வந்து, ஜாமீன்தாரரோடு எழுதி வாங்கிக்கொண்டு, இந்தத் தேதிக்கு வா என்று விட்டுவிடுவார்கள். அதற்கும் போகாவிட்டால் என்.பி.டபிள்யூ. என்கிற, பிணையில் விட முடியாத வாரண்ட்.

ஜாமீனில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பது தனிக் குற்றமும் ஆகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 269-ன்படி ஒரு வருடம் வரை சிறை. ஆயிரம் ரூபாய் ஹெல்மெட் கேஸில் தொடங்கியவர் அங்கே போய் நிற்பது, அடுத்த படியை யாரும் அவருக்குச் சொல்லாததால்தான்.

அஞ்சு வருஷத்துக்கு முந்தின வாரண்ட். இன்னும் உயிரோட இருக்குமா அண்ணா?

இருக்கும். கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது போலீஸ் அதை நிறைவேற்றும் வரை வாரண்ட் செல்லும் (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 72). அதற்குக் காலாவதித் தேதி என்று ஒன்றும் கிடையாது. முதல் கேள்வியில் சொன்ன ஆறு மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆள் கிடைக்காத கேஸைக் கோர்ட் நீண்டகால நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றி வைத்திருக்கலாம். அதனால் உங்களுக்கு எந்தத் தகவலும் வராமல் இருந்திருக்கும். கேஸ் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

பெரும்பாலும் அது வெளியே வருவது பாஸ்போர்ட் விசாரணையில். கோர்ட்டில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதும், வாரண்ட் இருப்பதும் பாஸ்போர்ட் மறுக்கக் காரணம் ஆகலாம் என்று பாஸ்போர்ட் சட்டம் 6-வது பிரிவு சொல்கிறது. துபாய் வேலைக்கு விசா கையில் வந்த பிறகு ஓடிவருகிறார்கள். ஃபைன் கட்டி முடிந்த கேஸ் அப்படித் தடையாக நிற்பதில்லை.

நானே நேரா கோர்ட்டுக்குப் போனா உள்ளே வெச்சுடுவாங்களா?

இந்தப் பயத்தில்தான் வருடக்கணக்கில் ஒளிகிறார்கள். தானாக வருகிறவரையும், போலீஸ் பிடித்துக்கொண்டு வருகிறவரையும் கோர்ட் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வக்கீல் மூலம் வாரண்ட்டை ரீகால் செய்ய, அதாவது கோர்ட் அதைத் திரும்பப் பெற, ஒரு மனு போட வேண்டும். ஏன் வரவில்லை என்பதை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். பிரசவம், ஆஸ்பத்திரி, வெளியூர் வேலை எதுவானாலும் காகிதத்தோடு. சின்ன டிராஃபிக் கேஸ் என்றால் பெரும்பாலும் அன்றைக்கே வாரண்ட்டை ரத்து செய்து, ஒப்புக்கொண்டால் ஃபைனும் போட்டு முடித்துவிடுகிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது, அது மாஜிஸ்திரேட் விருப்பம். ஜாமீன்தாரர் கேட்கலாம் என்பதால் ஒருவரைக் கூட அழைத்து வருவது நல்லது.

காலை பத்தரைக்கு முன்னால் வந்துவிடுங்கள். கோர்ட் சேவகரான டபேதார் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தால், வந்ததும் வராததாகவே பதிவாகும். வெள்ளிக்கிழமை மாலை போலீஸ் கையில் சிக்குவதைவிட, செவ்வாய்க்கிழமை காலை நீங்களே வருவது எவ்வளவோ மேல். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஏற்காட்டு மலைக் கிராமத்து ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

நான் ஓசூர்ல வேலை பாக்கறேன். வராமலே முடிக்க வழி இருக்கா?

இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 208-ன்படி, சம்மனிலேயே ஒரு தொகையைக் குறிப்பிட்டிருந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் கடிதமும் பணமும் வாய்தாவுக்கு முன்னால் அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் வக்கீல் உங்களுக்காக ஆஜராகலாம். இவை எல்லாம் முதல் சம்மன் கட்டத்தில் சுலபம். வாரண்ட் வந்த பிறகு ஒரு முறையாவது நீங்கள் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

குடிச்சுட்டு ஓட்டினதுக்கு அங்கேயே பத்தாயிரம் கட்டி முடிச்சுக்கலாமா?

முடியாது. சமரசக் கட்டணம் கட்டி முடிக்கக்கூடிய குற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவில் வரிசையாக உள்ளன. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான 185 அதில் இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். “அங்கேயே முடிச்சுத் தர்றேன்” என்று யாராவது சொன்னால், முடிவது உங்கள் பணம் மட்டும்தான்.

ஃபைன் கட்டிட்டா எல்லாம் முடிஞ்சதுதானே?

அந்தக் கேஸ் முடிந்தது. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, கட்டி முடித்த குற்றமும் ‘முன்பு செய்த குற்றம்’ என்ற கணக்கில் சேரும். அடுத்த முறை அதே குற்றத்தில் சிக்கினால் இரண்டாவது முறைக்கான தொகைதான். லைசென்ஸைத் தகுதிநீக்கத்துக்கு அனுப்பும் நடவடிக்கையும் பணம் கட்டியதால் நின்றுவிடாது. ஹெல்மெட்டுக்கும் மூன்று பேர் போனதற்கும் மூன்று மாதத் தகுதிநீக்கம் சட்டத்திலேயே இருக்கிறது.

கோர்ட்ல ஃபைன் போட்டாங்க, கட்டாம வந்துட்டேன். அதுக்கு எத்தனை வருஷம்?

தீர்ப்பு வந்த பிறகு ஓடுவது வேறு கணக்கு. தண்டனை விதித்த நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் அந்த அபராதத்தை வசூலிக்கலாம் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 8). கட்டாவிட்டால் இத்தனை நாள் சிறை என்று தீர்ப்பில் இருந்தால், அதுவும் தலைக்கு மேல் நிற்கும். முதல் கேள்வியின் ஆறு மாதத்தையும் இந்த ஆறு வருடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெங்களூர்ல பாதி ஃபைன் கட்டினா போதும்னு விட்டாங்களாமே. நம்ம ஊர்ல எப்ப விடுவாங்க?

கர்நாடக அரசு 2023 பிப்ரவரியில் அப்படி ஐம்பது சதவீதச் சலுகை கொடுத்தது. அப்போது சேலத்திலிருந்து பெங்களூருக்கு வண்டி ஓட்டுகிற டிரைவர்கள் பலர் அங்கத்திய பாக்கியைத் தீர்த்தார்கள். அது அந்த மாநிலச் சலானுக்கு மட்டும். இங்கே அப்படி வரும் என்று காத்திருந்து வாய்தாவைத் தவறவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. கோர்ட்டில் உள்ள சின்னக் கேஸ்கள் மக்கள் நீதிமன்றத்தில் எடுக்கப்படுவது உண்டு. அடுத்த தேதியைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

வாட்ஸ்ஆப்புல சலான்னு ஒரு ஃபைல் வந்திருக்கு. திறக்கலாமா?

கூடாது. ஏ.பி.கே. என்று முடிகிற ஃபைல் எதுவானாலும் தொடாதீர்கள். திறந்தால் போன் அவர்கள் கைக்குப் போகும், பேங்க் கணக்கு காலியாகும். உங்கள் மேல் சலான் இருக்கிறதா என்று பார்க்க மேலே ஐந்தாவது கேள்வியில் சொன்ன வழி போதும். முகவரி ஜி.ஓ.வி. புள்ளி இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு, நீங்களே தட்டித் திறங்கள்.